கணக்கில் கெட்டிக்காரன் என்றார்கள். அதுதான் என் வலிமையா?

எபென் ஊழியன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது இருபத்து நான்கு. பள்ளி இறுதியில் எழுதும் எச்.எஸ்.சி. தேர்வில் கணக்குப்பதிவியல், பொருளியல், கணிதம் ஆகியவற்றை முதன்மைப் பாடங்களாக எடுத்து நல்ல மதிப்பெண் பெற்றேன். அன்று தொடங்கி வீட்டிலும் கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் என்னைக் "கணக்கில் கெட்டிக்காரன்" என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். இந்த மொரிஷியஸ் தீவில் ஒரு பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்றால் அவனுக்கு ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் படிப்புத்தான் என்று ஏற்கெனவே எழுதியாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். நானும் மறுபேச்சில்லாமல் சேர்ந்தேன்.

எபெனில், வெளிநாட்டு முதலீட்டாளர்களின் கம்பெனிகளை இங்கே பதிவு செய்து நடத்திக் கொடுக்கும் ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சுமார் நாற்பது கம்பெனிகளின் கோப்புகள் என் பொறுப்பில் உள்ளன. வங்கிக் கணக்கை ஒப்பிடுவது, இயக்குநர் கூட்டக் குறிப்புகளைத் தயாரிப்பது, வாடிக்கையாளர் யார் என்பதை உறுதிசெய்யும் கே.ஒய்.சி. ஆவணங்களைக் கேட்டு வாங்குவது என்று நாள் போகிறது. ஏ.சி.சி.ஏ. தேர்வில் முதல் ஒன்பது தாள்களைத் தட்டுத் தடங்கலின்றி முடித்துவிட்டேன். கடைசிக் கட்டத்தில் உயர்நிலை நிதி அறிக்கைத் தாளில் இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் ரோஸ் ஹில்லில் இருக்கும் அப்பாவின் ஹார்ட்வேர் கடையில் நிற்பேன். போன மாதம் இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்த அன்று கடையில் கயிறு, தார்ப்பாய், ஒட்டுப்பலகை, ஆணி என்று கூட்டம் நெரிந்தது. மதியம் சாப்பிடக்கூட நேரமில்லை, ஆனால் மாலையில் எனக்குக் களைப்பே தெரியவில்லை. அலுவலகத்தில் பத்து மணிக்கே கொட்டாவி வருகிறது. அக்கா இதைப் பார்த்துவிட்டு, "நீ விற்பனைக்குப் பிறந்தவன், தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய்" என்கிறாள். அப்பா ஒன்றும் சொல்வதில்லை.

என் கேள்வி இதுதான். ஒருவருக்கு வணிகத்துறையில் எந்த வேலை பொருந்தும் என்பதை மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்வதா, விருப்பத்தை வைத்தா, அல்லது சந்தையில் எந்தத் துறை வளர்கிறது என்பதை வைத்தா? மூன்றும் எனக்கு மூன்று திசையைக் காட்டுகின்றன.

ஓய்வுபெற்ற வங்கியாளர், போ பாசென்

தம்பி, உங்கள் மூன்றாவது அளவுகோலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் வாழ்நாளில் அதை நம்பிக் கெட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் கரும்பு ஆலையில் எழுத்தர் வேலை கிடைத்தால் ஏழு தலைமுறைக்கும் கவலையில்லை என்பார்கள். ஐரோப்பா ஓர் ஒப்பந்தப்படி உறுதி செய்யப்பட்ட விலையில் நம் சர்க்கரையை வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு 2006 முதல் 2009 வரை அந்த விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு வெட்டினார்கள், அந்த ஒப்பந்தமும் முடிந்துபோனது. அதற்கு முன்பு 1970-இல் ஏற்றுமதி உற்பத்தி மண்டலச் சட்டம் வந்து, ஆடைத் தொழிற்சாலைகள் பெருகி, நம் வீட்டுப் பெண்கள் முதன்முறையாகக் கூட்டங்கூட்டமாகச் சம்பளம் வாங்கினார்கள். உலக ஆடை வணிகத்தில் எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்த ஒதுக்கீட்டு முறை 2005-இன் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபோது, அந்த முறையை நம்பி இங்கு வந்திருந்த தொழிற்சாலைகள் பல வேறு நாடுகளுக்குக் கிளம்பின. அடுத்து உங்கள் துறை. இந்தியாவுடன் 1982-இல் செய்துகொண்ட வரி ஒப்பந்தத்தின் நிழலில்தான் அது இவ்வளவு வளர்ந்தது. 2016-இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் வாங்கப்படும் இந்தியப் பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு இந்தியாவே வரி விதிக்கலாம் என்று ஆயிற்று. 2020 பிப்ரவரியில் பணமோசடியைத் தடுக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். நம் நாட்டைக் கூடுதல் கண்காணிப்புக்குரிய சாம்பல் பட்டியலில் வைத்தது. 2021 அக்டோபரில்தான் அதிலிருந்து வெளியே வந்தோம்.

நம் தீவில் எந்தத் துறை வளரும் என்பதைப் பல நேரங்களில் பிரசல்ஸிலும் தில்லியிலும் பாரிஸிலும் யாரோ முடிவு செய்கிறார்கள். அதைச் சரியாக ஊகித்துத் தொழில் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியம் எனக்கும் இருந்ததில்லை, எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் இருந்ததில்லை. சர்க்கரை ஆலையிலிருந்து வெளியே வந்தவர்களில், "எனக்கு ஆலை வேலை தெரியும்" என்று சொன்னவர்கள் திண்டாடினார்கள். "பழுதாகும் முன்பே இயந்திரத்தின் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும்" என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர் ஓட்டல் ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பாளரானார். துறை போனாலும் அவருடைய காது போகவில்லை.

மற்ற இரண்டைப் பற்றி அனுபவம் உள்ள மற்றவர்கள் சொல்லட்டும்.

கத்ர் போர்ன் கடைக்காரி

ஐயா சொன்ன அந்தத் தொழிற்சாலைப் பெண்களில் நானும் ஒருத்தி. பதினான்கு ஆண்டுகள் தரச் சோதனை மேசையில் நின்றேன். தைத்து வரும் சட்டையை விரித்துப் போட்டு, அளவு நாடாவை வைத்து, இரண்டு கையும் ஒரே நீளமா, முன்பக்கத் துணியும் பின்பக்கத் துணியும் ஒரே ஷேடா, பொத்தான் துளை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2005-க்குப் பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். கையில் வந்த பணத்தைப் போட்டு கத்ர் போர்ன் சந்தையில், வியாழனும் ஞாயிறும், துணிக்கடை போட்டேன்.

தம்பி, உங்கள் அக்கா சொன்ன வார்த்தையைத்தான் அன்று எனக்கும் சொன்னார்கள், தலைகீழாக. "நீ வாய் திறக்க மாட்டாய், உனக்கு வியாபாரம் வராது" என்றார்கள். முதல் ஆண்டு அது உண்மையாகவே இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் கிரியோல் மொழியில் பாட்டுப் போலக் கூவி விற்பார், எனக்குக் கூச்சமாக இருக்கும். போதாக்குறைக்கு, எனக்குப் பிடித்த கடுகு மஞ்சள் நிறத்தில் இருநூறு ரவிக்கை மாதிரியான மேற்சட்டைகளை மொத்தமாக வாங்கிவிட்டேன். அவற்றில் ஐம்பதுகூட விற்கவில்லை. மிச்சத்தை அடுத்த மூன்று ஆண்டுகள் சொந்தக்காரர்களின் பிறந்தநாளுக்குக் கொடுத்துத் தீர்த்தேன். இன்றும் எங்கள் குடும்பப் படங்களில் அந்த மஞ்சள் தெரியும்.

என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சோதனை மேசைதான். ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியவையும் ரிஜெக்ட் ஆனவையும் மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வரும். மற்ற வியாபாரிகள் மேலே இருக்கும் நாலு துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுவார்கள். நான் மூட்டையின் நடுவில் கைவிட்டு, ஏன் இதை வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்றான் என்பதைக் கண்டுபிடித்துவிடுவேன். லேபிள் கோணலாகத் தைத்திருக்கிறது என்றால் இங்கே எவரும் கவலைப்பட மாட்டார்கள், உடனே வாங்குவேன். இடது காலும் வலது காலும் வேறு ஷேட் என்றால் வாங்கிய பெண் அடுத்த ஞாயிறு திரும்ப வந்து நிற்பாள், இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க மாட்டேன். கூவுவதற்கு என் நாத்தனார் மகளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டேன்.

வியாபாரம் என்றால் பேச்சு என்று நினைப்பவர்கள் கடைக்கு வெளியே நிற்பவர்கள். கடைக்குள் வாங்குவது, விலை வைப்பது, கடன் கொடுப்பது, சரக்கை அடுக்குவது, விற்பது என்று ஐந்தாறு வேலைகள் இருக்கின்றன, எல்லாம் ஒருவருக்கே வராது. புயல் நாளில் நீங்கள் களைக்கவில்லை என்கிறீர்கள். சரி, அன்று நீங்கள் என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்?

பேரேடு

நான் தணிக்கைத் துறையில் எட்டாவது ஆண்டில் இருக்கிறேன். கடைக்காரி அக்கா கடைக்குச் சொன்னதை நான் "ஃபைனான்ஸ்" என்ற சொல்லுக்கும் சொல்ல விரும்புகிறேன். வெளியில் ஒரே வேலை போலத் தெரிவது உள்ளே வெவ்வேறு ஆட்களைக் கேட்கிறது.

தணிக்கையில் இருப்பவர் ஒவ்வொரு சில வாரத்துக்கும் புதிய நிறுவனத்துக்குப் போய், தன்னை விரும்பாத மனிதர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். இங்குப் பல நிறுவனங்களுக்கு ஜூன் 30-இல் கணக்காண்டு முடிவதால், அன்று காலை யாருடைய கிடங்கிலோ ஏணியில் ஏறிச் சரக்கை எண்ணிக்கொண்டிருப்போம். வரிப் பிரிவில் இருப்பவர் சட்டத்தின் ஒரு வாக்கியத்தை அரை நாள் உற்றுப் பார்ப்பதில் இன்பம் காண்பவராக இருக்க வேண்டும். மேலாண்மைக் கணக்காளர் ஒரே தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்கில் இருந்து, போன மாதம் மின்செலவு ஏன் கூடியது என்று இயந்திரப் பிரிவு மேலாளரை நச்சரிப்பவர். கம்பெனிச் செயலர் தேதிகளின் காவலர். உங்களுடைய நிர்வாகப் பணியோ பாதி கணக்கு, பாதி கடிதப் போக்குவரத்து. இந்த ஐவரில் எவரையும் பள்ளியின் கணக்குப்பதிவியல் தாள் பிரித்துக் காட்டுவதில்லை. ஐந்தொகையின் இரு பக்கமும் சமமானால் அங்கே முழு மதிப்பெண். வேலையில் சமமான பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது.

உங்கள் தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தோல்வியைத் தவறாகப் படித்துவிட்டு ஒரு தொழிலை விட்டவர்கள் உண்டு. மொத்தம் பதின்மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 50 விழுக்காடு. உங்களிடம் மிச்சம் இருப்பவை நான்கு. முதல் ஒன்பதில் கணக்குப் போடத் தெரிந்தால் பெரும்பாலும் கரையேறிவிடலாம். கடைசி நான்கிலோ, ஒரு நிறுவனத்தின் நிலையைக் கொடுத்து, நீங்கள் ஆலோசகராக இருந்தால் இயக்குநருக்கு என்ன எழுதுவீர்கள் என்று கேட்கிறார்கள். எண் சரியாக இருந்து, அது ஏன் முக்கியம் என்பதை எழுதாவிட்டால் பாதி மதிப்பெண் போய்விடும். நானும் அதே தாளில் ஒரு முறை விழுந்தவன். எனக்குக் கணக்கு வராமல் போகவில்லை, ஆங்கிலத்தில் வாதத்தை அடுக்கி எழுதும் பழக்கம் இல்லாமல்தான் போயிற்று. அதைப் பயிற்சியால் சரிசெய்யலாம். இறுதிக் கட்டத்தில் முதல் தாளில் தேறிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் மற்றவற்றை முடிக்க வேண்டும் என்ற விதி உள்ளது. நீங்கள் இன்னும் ஒன்றிலும் தேறாததால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கவில்லை. பதற்றப்பட வேண்டாம்.

சந்தேகப் பிராணி

பொறுமையாக எல்லாவற்றையும் படித்தேன். மன்னிக்கவும், இந்த "வலிமையைக் கண்டறிதல்" எல்லாம் வீட்டுக் கடன் இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கான ஒரு கால் சென்டரில் சேர்ந்தது என் குரல்வளத்தை ஆராய்ந்து பார்த்து அல்ல, அந்த மாதமே சம்பளம் கிடைத்தது என்பதால். இருபத்து நான்கு வயதில் நிலையான வேலை இருக்கும்போது, கொட்டாவி வருகிறது என்பதற்காக அதை விடச் சொல்வது நல்ல ஆலோசனை ஆகாது.

மனிதவளம், வக்வா

சந்தேகப் பிராணி எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வேலையை விடுங்கள் என்று இந்த இழையில் இதுவரை எவரும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவும். மாறுவதென்று முடிவானால் அதற்கும் வழிமுறை உள்ளது. 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டத்தின்படி, தனி ஓய்வூதியத் திட்டம் இல்லாத நிறுவனத்தில் வேலை பார்ப்பவரின் பணிக்காலப் பணிக்கொடை, வேலை மாறினாலும் கூடவே வருகிறது. முன்பு அந்தத் தொகைக்காகவே பிடிக்காத நாற்காலியில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் ஆட்சேர்ப்பில் இருப்பவள் என்பதால் என் தொழிலின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பத்து நிமிடத்தில் "நீங்கள் இந்த வகை மனிதர்" என்று சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை ராசிபலனைவிடச் சற்றே மேல். ஓரளவு மதிக்கத்தக்கது ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த ஆறு வகைப் பகுப்பு. கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், பிறரை இணங்கவைத்து நடத்துதல், ஒழுங்கும் பதிவும் என்று ஆறு. வணிகத்துறையில் கடைசி இரண்டும் அடிக்கடி வரும். ஆனால் அது பெரும்பாலும் விருப்பத்தைத்தான் அளக்கிறது, திறமையை அல்ல. எனக்குப் பாடப் பிடிக்கும். என் வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அக்காவின் கருத்துக்கும் ஒரு பதில் உண்டு. கலகலப்பானவர்களே நன்றாக விற்பார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. ஆடம் கிரான்ட் என்ற பேராசிரியர் 340 தொலைபேசி விற்பனையாளர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, அதிக வருவாய் ஈட்டியவர்கள் கலகலப்பானவர்களும் அல்லர், ஒதுங்கியவர்களும் அல்லர், இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள்தாம். பேசவும் தெரிந்து, வாயை மூடிக் கேட்கவும் தெரிந்தவர்கள். ஆகவே "விற்பனைக்குப் பிறந்தவன்" என்ற சொல்லை ஒரு புயல் நாளை வைத்துச் சொல்லக்கூடாது. அதிலும் புயல் நாளில் தார்ப்பாய் தன்னைத்தானே விற்றுக்கொள்ளும்.

நான் பலருக்குச் சொல்லிப் பலன் கண்ட முறை வேறு. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர், ஒரு முக்கிய முடிவை எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதிவையுங்கள், ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள் என்பார். நமக்கு எது வரும் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தவறு என்பது அவருடைய கருத்து. உங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்பதால் அதன் குட்டி வடிவத்தைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலையை வினைச்சொல்லாக எழுத வேண்டும். "கம்ப்ளையன்ஸ்" (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் வேலை) என்றோ "கடை" என்றோ எழுதினால் பயனில்லை. "ஒரு வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து முகவரிச் சான்று கேட்டேன்" என்று எழுதுங்கள். பக்கத்தில் மூன்று செய்திகள்: நேரம் போனது தெரிந்ததா, முடிவு மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்ததா, அதே வேலையை யாராவது உங்களைத் தேடி வந்து கொடுத்தார்களா. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். நம் வலிமை நமக்கு எளிதாக வருவதால் அதை நாம் வேலை என்றே கணக்கில் சேர்ப்பதில்லை, சுற்றியிருப்பவர்கள் சேர்த்துவிடுவார்கள்.

பேரேடு

வக்வா அம்மையாரின் மூன்றாவது கேள்விக்கு ஒரு சாட்சி. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம்தான் எல்லாரும் எக்செல் கோப்பைக் கொண்டுபோய் "இது ஏன் இடிக்கிறது" என்று கேட்பார்கள். அவரோ தனக்குத் தலைமைப் பண்பு இருக்கிறது என்று நம்பி மேலாளர் பதவிக்கு மூன்று ஆண்டுகள் போராடி வாங்கினார். இப்போது ஆறு பேரின் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டு, மாலை ஐந்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் மற்றவர்களின் எக்செல் கோப்புகளைத் திறந்து சரிசெய்துகொண்டிருக்கிறார்.

எபென் ஊழியன்

இரண்டு வாரம் முடிந்தது. நோட்டில் 61 பதிவுகள் உள்ளன. சனிக்கிழமைகளையும் சேர்த்துக்கொண்டேன். எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு.

முதலில் கடை. கடைக்காரி அக்கா கேட்ட கேள்வியை வைத்துப் பார்த்தபோது, நான் விற்பனையே அவ்வளவாகச் செய்யவில்லை என்று தெரிந்தது. பெயிண்டுக்கு நிறம் கலந்து காட்டுவது, எந்தத் திருகு எதற்கு என்று விளக்குவது எல்லாம் அப்பாவும் கடைப் பையனும் செய்கிறார்கள், நான் செய்தால் வாடிக்கையாளர் அப்பாவைத் தேடுகிறார். என்னைத் தேடி வந்தது ஒரே விஷயத்துக்குத்தான். மேஸ்திரிகள் கடனுக்குச் சிமெண்டு கேட்கும்போது அப்பா என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். புயல் நாளிலும் அதுதான் நடந்திருக்கிறது. அன்று முழுவதும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று யாருக்குக் கடன், யாருக்கு ரொக்கம் என்று முடிவு செய்துகொண்டிருந்தேன். ஒருவர் "திங்கட்கிழமை கட்டாயம் தருகிறேன்" என்றார், கொடுக்க வேண்டாம் என்றேன். இன்னொருவர் தேதியே சொல்லாமல், எந்த வீட்டு வேலை, வீட்டுக்காரர் எப்போது தவணை கொடுப்பார், அதில் கூலிக்கு எவ்வளவு போகும் என்று சொன்னார். அவருக்குக் கொடுக்கச் சொன்னேன். பணம் வந்துவிட்டது.

அலுவலகத்தில் கொட்டாவிப் பதிவுகள் முப்பதுக்கு மேல். வங்கிக் கணக்கை ஒப்பிடுவது, கூட்டக் குறிப்பில் தேதியை மாற்றி அதே வாசகத்தை மறுபடி எழுதுவது ஆகியவை எல்லாம் அதில் அடங்கும். கொட்டாவி இல்லாத பதிவுகள் ஒன்பது. அந்த ஒன்பதும் ஒரே சாயலில் இருக்கின்றன. ஒரு கோப்பில் முதலீட்டாளரின் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொடுத்த விளக்கமும் அவருடைய வங்கி அறிக்கையும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அரை நாள் அதிலேயே உட்கார்ந்து, பிறகு பிரெஞ்சில் தொலைபேசியில் பேசி, அவர் ஒரு நிலத்தை விற்ற பத்திரத்தைச் சேர்க்க மறந்திருக்கிறார் என்று கண்டுபிடித்தேன். அன்று மதிய உணவை மறந்துவிட்டேன். பக்கத்து மேசைத் தோழி, "எனக்கும் ஒரு கோப்பு சரியில்லாதது போலத் தோன்றுகிறது, பார்த்துச் சொல்" என்று இரண்டு முறை கொண்டுவந்தாள். நான் அதை உதவி என்று நினைத்திருந்தேன், வேலை என்று நினைக்கவில்லை.

ஆகவே எனக்குப் பிடித்தது கணக்கும் இல்லை, விற்பனையும் இல்லை என்று தோன்றுகிறது. ஒருவர் சொல்வதும் அவருடைய காகிதம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் எனக்கு அலுப்பே வருவதில்லை. இதற்கு ஒரு தொழில் இருக்கிறதா, அல்லது நான் போலீஸில் சேர வேண்டுமா?

ஓய்வுபெற்ற வங்கியாளர், போ பாசென்

போலீஸ் வேண்டாம், தம்பி. நான் முப்பத்தொரு ஆண்டுகள் செய்த வேலையைத்தான் நீங்கள் விவரித்திருக்கிறீர்கள். அதற்குப் பெயர் கடன் மதிப்பீடு. சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவில் இருந்தேன்.

பயிற்சி வகுப்பில் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வார்கள்: கேட்பவரின் குணம், திருப்பிக் கட்டும் திறன், அவர் போட்டிருக்கும் சொந்த முதல், பிணை, வெளிச் சூழ்நிலை. கடைசி நான்குக்கும் படிவம் உண்டு. முதலாவதற்குப் படிவம் கிடையாது, கடைக்கே போய்ப் பார்க்க வேண்டும். நான் போனால் முதலில் அலமாரியின் மேல் தட்டைப் பார்ப்பேன். அங்கே தூசி படிந்திருந்தால், இருப்புக் கணக்கில் காட்டிய சரக்கில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்ற கேள்வி வரும். அடுத்து, சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர் பணம் வாங்காமல் இறக்குகிறாரா, கையில் வாங்கிக்கொண்டு இறக்குகிறாரா என்று பார்ப்பேன். மொத்த வியாபாரி ஒருவரை நம்பாமல் ரொக்கம் கேட்கிறார் என்றால், வங்கி மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நீங்கள் இரண்டாவது மேஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்ன காரணம் இருக்கிறதே, அவர் வாக்குறுதி கொடுக்கவில்லை, பணம் வரும் வழியைச் சொன்னார் என்பது. அதை எனக்குப் புரியவைக்க என் மேலாளருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சந்தேகம் எளிதாக வரும் என்பதே இந்த வேலைக்குப் போதாது. எதற்கும் "வேண்டாம்" என்று எழுதும் அதிகாரியால் வங்கிக்கு ஒரு காசு வருமானமில்லை. "கொடுக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இரவு தூங்க முடிகிறதா என்று பாருங்கள். என்னோடு சேர்ந்தவர்களில் மிகவும் கூர்மையான ஒருவர், கொடுத்த கடனை எண்ணி எண்ணியே உடல்நலம் கெட்டு, தலைமையகத்தில் வேறு பிரிவுக்குப் போனார்.

மனிதவளம், வக்வா

கடன் மதிப்பீடு ஒரு வாசல். கம்ப்ளையன்ஸ் இன்னொரு வாசல், அது உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு நிதி நிறுவனமும் சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை அறிவிக்கும் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், அவருக்குக் கீழே ஆட்களும் தேவை. மூன்றாவது, தணிக்கை நிறுவனங்களில் இருக்கும் மோசடி விசாரணைப் பிரிவு. பேரேடு அதைப் பற்றிச் சொல்லலாம். மூன்றுக்கும் நீங்கள் முடித்த ஒன்பது தாள்கள் செல்லும், ஒன்றும் வீணாகவில்லை.

வேலை மாறுவதற்கு முன்பு, இப்போதிருக்கும் மேலாளரிடம் போய், முரண்பாடு உள்ள கோப்புகளை மூன்று மாதத்துக்கு என்னிடம் கொடுங்கள் என்று கேளுங்கள். நேர்காணலில் "எனக்கு இது வரும்" என்று சொல்பவர்கள் நூறு பேர் வருவார்கள். "பதினெட்டுக் கோப்புகள் பார்த்தேன், நான்கில் பிழை கண்டேன், ஒன்றில் நான் சந்தேகப்பட்டது தவறு" என்று சொல்பவரை நான் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுப்பேன்.

பேரேடு

மோசடி விசாரணைப் பிரிவு சின்னது, ஆண்டுக்கு ஓரிரு இடங்களே காலியாகும். நீதிமன்றத்தில் நிற்கும்படியான அறிக்கை எழுத வேண்டியிருக்கும். உங்களைத் தோற்கடித்த அந்தத் தாள் கேட்பதும் அதே எழுத்தைத்தான். எனவே அதை மூன்றாம் முறை எழுதுங்கள், இம்முறை ஒவ்வொரு விடையையும் ஒரு கோப்பைப் பற்றி மேலாளருக்கு எழுதும் குறிப்பு என்று நினைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

சந்தேகப் பிராணி

வேலையை விடாமலேயே இவ்வளவு செய்யலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். இந்த நோட்டுப் புத்தக முறையை நானும் நாளை தொடங்குகிறேன். என் பதிவுகளில் அறுபதும் "தொலைபேசியில் திட்டு வாங்கினேன்" என்றுதான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

கத்ர் போர்ன் கடைக்காரி

திட்டு வாங்கியும் குரல் மாறாமல் பேசத் தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வாருங்கள் தம்பி. நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

எபென் ஊழியன்

எல்லாருக்கும் நன்றி. மேலாளரிடம் நேற்றுக் கேட்டேன். மூன்று மாதம் முடியாது, ஆறு வாரம் பார்ப்போம் என்றார். முதல் தவணையாக ஏழு கோப்புகள் என் மேசைக்கு வந்துவிட்டன. தேர்வுக்கு ஜூன் மாதத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்பா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை கடை திறந்ததும், கல்லாவுக்குக் கீழே பூட்டி வைத்திருக்கும் நீல அட்டை போட்ட கடன் நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளி, "இனிமேல் இதை நீ பார்" என்றார். முதல் பக்கத்தில், நான்கு ஆண்டுக்கு முந்தைய தேதியில், பெரிய மாமாவின் பெயர் இருக்கிறது. வங்கியாளர் ஐயா, சொந்தக்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்று உங்கள் பயிற்சி வகுப்பில் ஏதாவது சொல்லிக்கொடுத்தார்களா?